முப்பது குழந்தைக்கு ஓர் ஆசிரியர் போதுமா? தொடக்கப் பள்ளி, உயர்நிலைப் பள்ளி பணிச்சுமை பற்றி ஒரு விளக்கம்

இடைநிலை ஆசிரியர்கள் சென்னையில் போராட்டம் நடத்தும்போதெல்லாம் இரண்டு கேள்விகள் கிளம்புகின்றன. "சம வேலைக்குச் சம ஊதியம் கேட்கிறார்களே, பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுப்பதும் ஒன்றாம் வகுப்புக்கு அ, ஆ சொல்லித்தருவதும் சம வேலையா?" என்பது ஒன்று. "தொடக்கப் பள்ளிகளில் பிள்ளைகளே குறைந்துகொண்டு வருகிறார்கள், அங்கே அப்படி என்ன வேலை?" என்பது இன்னொன்று.

முதல் கேள்வி, கோரிக்கை என்னவென்று தெரியாததால் வருகிறது. இரண்டாவது கேள்வி, பணிச்சுமையை எந்த அளவுகோலால் அளப்பது என்ற குழப்பத்தில் பிறக்கிறது. இரண்டையும் தனித்தனியாகப் பிரித்துப் பார்த்தால்தான் விஷயம் விளங்கும்.

## பெயரிலேயே தொடங்கும் குழப்பம்

தமிழ்நாட்டில் 1 முதல் 5 வரை உள்ளது தொடக்கப் பள்ளி. 1 முதல் 8 வரை என்றால் நடுநிலைப் பள்ளி. இவை இரண்டும் தொடக்கக் கல்வி இயக்ககத்தின் கீழ் வருகின்றன. பெரும்பாலும் 6 முதல் 10 வரை நடப்பது உயர்நிலைப் பள்ளி, 12 வரை நீண்டால் மேல்நிலைப் பள்ளி. இவை பள்ளிக் கல்வி இயக்ககத்தின் கீழ் உள்ளவை.

ஆசிரியர்களில் மூன்று நிலைகள் உண்டு.

1. இடைநிலை ஆசிரியர்: பெயரில் 'இடைநிலை' இருந்தாலும் இவர் பாடம் எடுப்பது 1 முதல் 5 வரைதான். பிளஸ் டூ முடித்து இரண்டாண்டு தொடக்கக் கல்விப் பட்டயப் படிப்பு படித்தவர்.
2. பட்டதாரி ஆசிரியர்: இளங்கலைப் பட்டத்தோடு பி.எட். முடித்தவர். 6 முதல் 10 வரை ஒரு குறிப்பிட்ட பாடத்தை எடுப்பவர்.
3. முதுகலை ஆசிரியர்: முதுகலைப் பட்டமும் பி.எட்.டும் முடித்து 11, 12 வகுப்புகளுக்குப் பாடம் எடுப்பவர்.

ஆக, செய்தியில் 'இடைநிலை ஆசிரியர்' என்று வந்தால் அது ஒன்றாம் வகுப்பு டீச்சரைக் குறிக்கிறது.

## 'சம வேலை' என்றால் எந்த வேலை?

தமிழ்நாட்டில் ஆறாவது ஊதியக் குழுவின் ஊதிய விகிதம் 2009 ஜூன் 1 அன்று அரசாணையாக வந்தது. அதற்கு முந்தைய நாள் வரை பணியில் சேர்ந்த இடைநிலை ஆசிரியரின் பழைய அடிப்படை ஊதியம் 4,500 ரூபாய். அதை 1.86ஆல் பெருக்கி 8,370 ரூபாய் என்று நிர்ணயித்தார்கள். ஜூன் 1 அன்றோ அதற்குப் பிறகோ சேர்ந்தவருக்கு 5,200 ரூபாய். பதவிநிலைக்கு ஏற்ப அடிப்படையோடு சேர்க்கப்படும் தர ஊதியம் இருவருக்கும் ஒன்றே. ஒரே பள்ளி, ஒரே வகுப்பு, ஒரே பாடம், பணியில் சேர்ந்த தேதி ஒரு நாள் தள்ளிப்போனதால் அடிப்படையில் 3,170 ரூபாய் குறைவு. அகவிலைப்படி அடிப்படை ஊதியத்தின் மீதுதான் கணக்கிடப்படுகிறது, அடுத்த ஊதியக் குழுவும் அதையே பெருக்குகிறது. அதனால் இந்த இடைவெளி ஆண்டுதோறும் வளர்ந்துகொண்டே போகிறது.

2018 டிசம்பரிலும் 2022 டிசம்பரிலும் 2023 செப்டம்பர் இறுதியிலும் பள்ளிக் கல்வித் துறை அலுவலகங்கள் இருக்கும் சென்னை டிபிஐ வளாகத்தில் நடந்த போராட்டங்கள் இதற்காகத்தான். கோரிக்கை, ஓர் இடைநிலை ஆசிரியருக்கும் இன்னோர் இடைநிலை ஆசிரியருக்கும் இடையே உள்ள வேறுபாட்டை நீக்குவது. பத்தாம் வகுப்பு ஆசிரியரின் சம்பளத்தை அவர்கள் கேட்கவில்லை.

சரி, இடைநிலை ஆசிரியருக்கும் மேல்வகுப்பு ஆசிரியருக்கும் இடையே உள்ள அந்த இன்னொரு வேறுபாடு எவ்வளவு? இப்போதைய ஊதிய அட்டவணையில் தமிழ்நாட்டு இடைநிலை ஆசிரியரின் தொடக்க அடிப்படை ஊதியம் 20,600 ரூபாய். பட்டதாரி ஆசிரியருக்கு 36,400. முதுகலை ஆசிரியருக்கு 36,900. பத்தாம் வகுப்புக்கும் பன்னிரண்டாம் வகுப்புக்கும் இடையே 500 ரூபாய்தான் இடைவெளி, ஐந்தாம் வகுப்புக்கும் ஆறாம் வகுப்புக்கும் இடையே 15,800 ரூபாய். மத்திய அரசின் கேந்திரிய வித்யாலயாவில் தொடக்க வகுப்பு ஆசிரியருக்கு 35,400, பட்டதாரி ஆசிரியருக்கு 44,900, முதுகலை ஆசிரியருக்கு 47,600. அங்கேயும் வேறுபாடு இருக்கிறது. ஆனால் தொடக்க நிலை ஆசிரியர் பட்டதாரி ஆசிரியரின் ஊதியத்தில் ஏறக்குறைய 79 விழுக்காடு பெறுகிறார். இங்கே 57 விழுக்காடு.

கூடுதல் படிப்புக்குக் கூடுதல் ஊதியம் என்பது நியாயம்தான். ஆனால் இந்த அளவு இடைவெளியின் அடியில் 'சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தருவது சின்ன வேலை' என்ற ஓர் எண்ணம் பேசப்படாமல் உட்கார்ந்திருக்கிறது. அதைத்தான் சோதித்துப் பார்க்க வேண்டும்.

## சட்டம் தலையை எண்ணும் இடமும் வகுப்பை எண்ணும் இடமும்

கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009இல் இயற்றப்பட்டு 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது. 8ஆம் வகுப்பு வரை அதன் எல்லை. ஒரு பள்ளிக்கு எத்தனை ஆசிரியர், எத்தனை நாள், எத்தனை மணி நேரம் என்பதெல்லாம் அதன் அட்டவணையில் இருக்கிறது.

- 1 முதல் 5 வரை: ஆண்டுக்கு 200 வேலை நாள், 800 மணி நேரக் கற்பித்தல்.
- 6 முதல் 8 வரை: ஆண்டுக்கு 220 வேலை நாள், 1,000 மணி நேரக் கற்பித்தல்.
- ஆசிரியரின் வேலை நேரம்: பாடத்துக்குத் தயாரிக்கும் நேரத்தையும் சேர்த்து வாரத்துக்குக் குறைந்தது 45 மணி.

இதை மட்டும் படித்தால் சின்ன வகுப்பு ஆசிரியருக்குச் சுமை குறைவு என்றே தோன்றும். ஆனால் அந்த மணிகள் குழந்தைக்கு உரியவை. எத்தனை ஆசிரியர்கள் அவற்றைப் பங்கு போட்டுக்கொள்கிறார்கள் என்பதில்தான் சுமை இருக்கிறது. அதே அட்டவணையின் இன்னொரு பகுதி இப்படிப் போகிறது:

1. தொடக்க வகுப்புகளில் 60 குழந்தைகள் வரை 2 ஆசிரியர். 61 முதல் 90 வரை 3. 91 முதல் 120 வரை 4. அதற்கு மேல் 200 வரை 5. 150ஐத் தாண்டினால் கூடவே ஒரு தலைமை ஆசிரியர்.
2. 6 முதல் 8 வரை, ஒரு வகுப்புக்குக் குறைந்தது ஓர் ஆசிரியர். அறிவியல் மற்றும் கணிதம், சமூக அறிவியல், மொழிப் பாடம் ஆகியவற்றுக்குத் தலா ஒருவராவது இருக்க வேண்டும். அத்துடன் 35 குழந்தைக்கு ஒருவர்.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஆறாம் வகுப்புக்கு மேல் சட்டம் வகுப்பையும் பாடத்தையும் எண்ணிவிட்டு அப்புறம்தான் தலையை எண்ணுகிறது. தொடக்கப் பள்ளியில் தலையை மட்டும் எண்ணுகிறது. 60 குழந்தைகள் என்றால் 2 ஆசிரியர். அந்த அறுபது பேரும் ஒரே வகுப்பில் இருந்தால் 30 பேருக்கு ஒருவர் என்பது நல்ல ஏற்பாடு. ஆனால் அவர்கள் ஐந்து வகுப்புகளில் இருக்கிறார்கள்.

என்னைக் கேட்டால், தொடக்கப் பள்ளி ஆசிரியரின் பெரும்பாலான சிரமங்கள் இந்த ஒரு கணக்கிலிருந்துதான் கிளைக்கின்றன.

பள்ளிகளின் விவரங்களைத் திரட்டும் மத்தியக் கல்வி அமைச்சகத்தின் யூடைஸ் 2024-25 அறிக்கைப்படி நாடு முழுவதும் ஓர் ஆசிரியருக்கு இத்தனை மாணவர் என்ற விகிதம், இரண்டாம் வகுப்பு வரையான அடித்தள நிலையில் 10, மூன்று முதல் ஐந்து வரை 13, ஆறு முதல் எட்டு வரை 17, ஒன்பது முதல் பன்னிரண்டு வரை 21. கீழே போகப் போகக் குறைகிறது. அதே அறிக்கை, நாட்டில் 1,04,125 பள்ளிகள் ஓராசிரியர் பள்ளிகள் என்றும் சொல்கிறது. சராசரி விகிதத்தை மட்டும் பார்ப்பவருக்கு இந்த இரண்டாவது எண் கண்ணில் படுவதில்லை. இருபது குழந்தைகள், ஓர் ஆசிரியர் என்றால் விகிதம் 20. பார்க்க அழகாகத்தான் இருக்கும். அந்த ஆசிரியர் ஒன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை எல்லாப் பாடத்தையும் எடுக்கிறார் என்பது அந்த எண்ணில் இல்லை.

## ஈராசிரியர் பள்ளியில் ஒரு நாள்

கிராமத்தில் 40 பிள்ளைகள் படிக்கும் ஒரு தொடக்கப் பள்ளியை எடுத்துக்கொள்வோம். தலைமை ஆசிரியர் ஒருவர், உதவி ஆசிரியர் ஒருவர். தலைமை ஆசிரியருக்கும் வகுப்பு உண்டு.

1, 2 வகுப்புகளுக்குத் தமிழ், ஆங்கிலம், கணக்கு, சூழ்நிலையியல் என்று நான்கு பாடங்கள். 3, 4, 5 வகுப்புகளுக்கு அறிவியலும் சமூக அறிவியலும் தனித்தனி, எனவே ஐந்து. மொத்தம் 23 பாடப் பொறுப்புகள். ஒருவர் 1, 2, 3 வகுப்புகளை எடுத்துக்கொண்டால் அவர் தலையில் 13. மற்றவர் 4, 5 எடுத்தால் 10. உயர்நிலைப் பள்ளியில் கணக்கு ஆசிரியர் ஆறு முதல் பத்து வரை அத்தனை வகுப்புக்கும் போனாலும் அவருக்கு ஐந்து. அவை ஐந்தும் ஒரே பாடம். மேலும் ஒரு நேரத்தில் ஒரு வகுப்புதான் அவர் முன்னால் இருக்கும்.

இங்கே ஒரே நேரத்தில் மூன்று வகுப்புகள் ஒரே அறையில் உட்கார்ந்திருக்கின்றன. மூன்றாம் வகுப்புக்குக் கணக்குப் போட்டுக் கொடுத்துவிட்டு இரண்டாம் வகுப்பை வாசிக்க வைக்க வேண்டும். அதற்குள் ஒன்றாம் வகுப்புப் பிள்ளை சிலேட்டை நீட்டும். இன்னொன்று ஒன்றுக்குப் போக வேண்டும் என்று எழுந்து நிற்கும். புதிதாகச் சேர்ந்தது அம்மாவைத் தேடி அழும். ஐந்து வயதுக் குழந்தை தானாக ஒரு வேலையில் தொடர்ந்து இருக்கும் நேரம் சில நிமிடங்கள்தான். ஒன்பதாம் வகுப்பில் "இந்தப் பாடத்தைப் படித்துக்கொண்டிருங்கள்" என்று சொன்னால் ஒரு பாடவேளை ஓடிவிடும். இங்கே அந்த வசதியே கிடையாது.

ஓய்வுப் பாடவேளை என்று ஒன்றும் இல்லை. மதிய உணவு நேரமும் வேலை நேரம்தான்: கைகழுவ வைப்பது, வரிசையில் உட்கார வைப்பது, சிந்தினால் துடைப்பது. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கி, அடுத்த ஆண்டு ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிந்தது. சமைப்பது மகளிர் சுயஉதவிக் குழுவினர். பசியோடு வந்து சோர்ந்து உட்காரும் பிள்ளைகளைப் பார்த்த எந்த ஆசிரியரும் இந்தத் திட்டத்தைக் குறை சொல்ல மாட்டார். அதேசமயம் பிள்ளைகள் பள்ளிக்குள் இருக்கும் நேரம் கூடியதால் அவர்களைக் கவனித்துக்கொள்ளும் நேரமும் கூடியிருக்கிறது.

இன்னொன்று. ஈராசிரியர் பள்ளியில் ஒருவர் விடுப்பு எடுத்தால், அல்லது வட்டார வள மையத்துக்குப் பயிற்சிக்குப் போனால், அன்றைக்கு அது ஓராசிரியர் பள்ளி. காய்ச்சலோடு பள்ளிக்கு வரும் தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்குப் பின்னால் இந்தக் கணக்கு இருக்கிறது. நாம் லீவு போட்டால் உடன் வேலை பார்ப்பவர் ஐந்து வகுப்பையும் சுமப்பார் என்பது அவர்களுக்குத் தெரியும்.

## எழுத்தறிவிப்பது எளிய வேலையா?

'அ, ஆ சொல்லித்தருவதுதானே' என்பவர்கள் யாரும் வாசிக்கத் தெரியாத தங்கள் பருவத்தை நினைவில் வைத்திருப்பதில்லை. தெரிந்தவருக்கு எளிதாகத் தெரிகிறது, அவ்வளவுதான். தமிழ் வாசிக்கக் கற்கும் குழந்தை முட்டுகிற இடங்கள் சில:

1. 'கெ' என்று எழுதும்போது கொம்பு முதலில் வருகிறது, அதன் ஒலி பின்னால் வருகிறது. 'கொ' என்றால் எழுத்தின் இரண்டு பக்கமும் குறி. இடமிருந்து வலமாக ஒலிக்கச் சொல்லிக்கொடுத்த குழந்தைக்கு இது பெரிய முரண்.
2. ல, ள, ழ வேறுபாடு பல வீடுகளின் பேச்சில் இல்லை. வீட்டில் 'வாளப்பளம்' என்று சொல்லும் குழந்தை ஏட்டில் 'வாழைப்பழம்' பார்க்கிறது. அதற்கு இரண்டும் ஒரே சொல் என்று தெரிய நாளாகும்.
3. ஓசூரில் தெலுங்கும் கன்னடமும் வீட்டுமொழியான குழந்தைகள் உண்டு. திருப்பூரில் வட மாநிலத் தொழிலாளர்களின் பிள்ளைகள் சேர்கிறார்கள். இவர்களுக்கு எழுத்துக்கு முன்னால் மொழியையே கொடுக்க வேண்டும்.
4. 'இருபத்து மூன்று' என்று சொன்னால் சில குழந்தைகள் 203 என்று எழுதும். இது கவனக்குறைவு இல்லை. இருபதும் மூன்றும் காதில் விழுகின்றன, குழந்தை 20ஐ எழுதி 3ஐச் சேர்க்கிறது. இந்தத் தவறு ஏன் வந்தது என்று புரிந்துகொண்டு, குச்சிகளைப் பத்துப் பத்தாகக் கட்டி இட மதிப்பைக் கையில் கொடுக்கத் தெரிந்தவர்தான் நல்ல தொடக்கப் பள்ளி ஆசிரியர்.

இந்த நான்காவது விஷயத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். இட மதிப்பு விளங்காத குழந்தை கடன் வாங்கிக் கழிக்கும்போது ஏதோ மந்திரம்போல விதியை மனப்பாடம் செய்யும். அது நான்காம் வகுப்பில் வகுத்தலிலும், ஏழாம் வகுப்பில் தசமத்திலும், ஒன்பதாம் வகுப்பில் இயற்கணிதத்திலும் திரும்பத் திரும்பத் தடுக்கும். இரண்டாம் வகுப்பில் ஒரு மாதம் செலவழித்துச் சரிசெய்யக்கூடியதை எட்டாம் வகுப்பில் ஓர் ஆண்டு போராடினாலும் முழுதாகச் சரிசெய்ய முடிவதில்லை.

இந்த வேலைக்கென்று தனித் திறன் வேண்டும் என்பதை உச்ச நீதிமன்றமே ஏற்றுக்கொண்டிருக்கிறது. பி.எட். முடித்தவர்களும் தொடக்கப் பள்ளி ஆசிரியராகலாம் என்று தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் 2018இல் அறிவித்திருந்தது. 2023 ஆகஸ்ட் 11 தீர்ப்பில் நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. சிறு குழந்தைகளுக்குக் கற்பிப்பதற்கான பயிற்சி பி.எட்.டில் இல்லை, பட்டயப் படிப்பில்தான் இருக்கிறது என்பது அதன் சாரம். 'மேல்படிப்பு' படித்தவர் 'கீழ்வகுப்பை' எடுத்துவிடலாம் என்ற நினைப்பு சட்டப்படியும் செல்லாது. பின்லாந்தில் 1970களின் இறுதியிலிருந்து தொடக்கப் பள்ளி ஆசிரியராவதற்கே முதுகலைப் பட்டம் வேண்டும்.

தமிழ்நாட்டில் 2022 ஜூன் மாதம் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டம் இந்தச் சிக்கலை நேராகப் பார்க்கிறது. முதலில் 1 முதல் 3 வரையும், அடுத்த ஆண்டு 4, 5 வகுப்புகளுக்கும் வந்தது. குழந்தைகளை வகுப்பு வாரியாகப் பார்க்காமல், கற்றல் நிலையைக் கொண்டு அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்து, ஒவ்வொரு குழுவுக்கும் வேறு வேறு செயல்பாடுகள் கொடுக்கிறது. கருத்து நல்லது. பல வகுப்புகள் சேர்ந்து உட்காரும் பள்ளிக்கு ஏற்றது. ஆனால் ஒவ்வொரு குழந்தையின் மதிப்பீட்டையும் செயலியில் ஏற்றும் வேலை அதே இரண்டு பேர் மீதுதான் விழுகிறது. சிக்னல் இல்லாத ஊரில் அந்த வேலை வீட்டுக்குப் போகிறது.

## உயர்நிலைப் பள்ளியின் சுமை வேறு வகை

இத்தனையும் சொன்னதால் பத்தாம் வகுப்பு ஆசிரியருக்கு வேலை சுலபம் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. அவருடைய சுமை வேறு இடத்தில் இருக்கிறது.

முதலாவது, திருத்தும் வேலை. ஒரு பாட ஆசிரியருக்கு ஐந்து பிரிவுகள், பிரிவுக்கு 35 பேர் என்று வைத்துக்கொள்வோம். 175 விடைத்தாள்கள். ஒரு தாளுக்கு 8 நிமிடம் என்றால் 1,400 நிமிடம், அதாவது 23 மணி நேரத்துக்கும் மேல். இது ஒரே ஒரு தேர்வுக்கு. இடைப்பருவத் தேர்வு, காலாண்டு, அரையாண்டு, பத்தாம் வகுப்புக்குத் திருப்புதல் தேர்வுகள் என்று ஆண்டு முழுவதும் வரும். நேர அட்டவணையில் இருக்கும் ஓய்வுப் பாடவேளைகளில் சில, விடுப்பில் இருக்கும் ஆசிரியரின் வகுப்பைப் பார்த்துக்கொள்வதில் போய்விடும். மிச்சம் இருப்பவற்றில் 23 மணி நேர வேலை அடங்காது. மொழி ஆசிரியருக்கு நிலைமை இன்னும் கடினம். கட்டுரையை வாசிக்காமல் மதிப்பெண் போட முடியாது.

இரண்டாவது, பொதுத்தேர்வு. தொடக்கப் பள்ளி ஆசிரியரின் வேலை நன்றாக நடந்ததா என்பது வெளியில் தெரியவே ஆண்டுகள் ஆகும். பத்தாம் வகுப்பு ஆசிரியரின் வேலை ஒரே நாளில், பாட வாரியான தேர்ச்சி விகிதமாக, மாவட்டக் கூட்டத்தில் திரையில் வரும். 2025இல் மாநிலத் தேர்ச்சி பத்தாம் வகுப்பில் 93.80 விழுக்காடு, பன்னிரண்டாம் வகுப்பில் 95.03. சராசரி இவ்வளவு உயரத்தில் இருக்கும்போது, ஒரு வகுப்பில் நான்கு பேர் தவறினாலும் விளக்கம் கேட்கப்படும். காலைச் சிறப்பு வகுப்பு, மாலைச் சிறப்பு வகுப்பு, சனிக்கிழமை வகுப்பு எல்லாம் இந்த அழுத்தத்தில் பிறந்தவை. பதினொன்றாம் வகுப்புக்கு 2017-18இல் வந்த பொதுத்தேர்வு, 2025 ஆகஸ்டில் மாநிலக் கல்விக் கொள்கை வெளியானதைத் தொடர்ந்து அந்தக் கல்வியாண்டிலிருந்தே கைவிடப்பட்டது. முதுகலை ஆசிரியர்களுக்கு அது உண்மையான ஆறுதல்.

மூன்றாவது, பாட ஆழம். பத்தாம் வகுப்பு அறிவியலில் இயற்பியலும் வேதியியலும் உயிரியலும் ஒரே புத்தகம். தாவரவியல் படித்து வந்த பட்டதாரி ஆசிரியர் ஒளியியலும் மின்னியலும் எடுக்க வேண்டும். பாடத்திட்டம் மாறும்போது அவரும் புதிதாகப் படிக்க வேண்டும். கேள்வி கேட்பவர்கள் பதினைந்து வயதுக்காரர்கள், சமாளிப்பான பதிலை உடனே கண்டுபிடித்துவிடுவார்கள்.

நான்காவது, அந்த வயது. இதுதான் மேல்வகுப்பு ஆசிரியர்கள் மனம்விட்டுப் பேசும்போது முதலில் சொல்வது. போதைப் பாக்கு, கைப்பேசி, காதல் விவகாரம், திடீரென்று வரவே நின்றுவிடும் பெண் பிள்ளைக்குப் பின்னால் இருக்கும் கல்யாண ஏற்பாடு, வேலைக்குப் போய்விட்ட பையன். தென்மாவட்டங்களில் கையில் கட்டும் கயிற்றின் நிறத்தில் சாதி. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் ஒருவர் உடன் படித்தவர்களாலேயே வீடு தேடி வந்து வெட்டப்பட்டார். அதன் பிறகு அமைக்கப்பட்ட ஓய்வுபெற்ற நீதிபதி கே.சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. சாதி அடையாளக் கயிறுகளைத் தடைசெய்வது அதன் பரிந்துரைகளில் ஒன்று. இவற்றையெல்லாம் முதலில் எதிர்கொள்பவர் வகுப்பாசிரியர். அவருக்கு ஆற்றுப்படுத்தும் பயிற்சி பெரிதாக எதுவும் கொடுக்கப்பட்டதில்லை. ஒரு நாளைக்கு ஒரு வகுப்பை முக்கால் மணி நேரம் மட்டும் பார்க்கிறவருக்கு ஒரு பிள்ளையின் மாற்றம் கண்ணில் படுவதும் கஷ்டம். தொடக்கப் பள்ளி ஆசிரியர் ஒரே பிள்ளைகளோடு நாள் முழுக்க இருப்பதால் முகம் வாடினாலே கண்டுபிடித்துவிடுவார். அவர் பக்கம் இருக்கும் ஒரு பெரிய வசதி அது.

## இரண்டும் சந்திக்கும் இடம்: ஆறாம் வகுப்பு

இரு தரப்பு ஆசிரியர்களுக்கும் வருத்தம் மூளும் இடம் இது. "எழுத்துக்கூட்டக்கூடத் தெரியாமல் அனுப்பிவிட்டார்கள்" என்பார் ஆறாம் வகுப்பு ஆசிரியர். "மூன்று வகுப்பை ஒன்றாக வைத்துக்கொண்டு என்ன செய்ய முடிந்ததோ செய்தோம்" என்பார் தொடக்கப் பள்ளி ஆசிரியர். இருவரும் சொல்வது உண்மை.

பட்டதாரி ஆசிரியருக்கு வாசிக்கச் சொல்லிக்கொடுக்கும் பயிற்சி இல்லை. அவருடைய பி.எட். பாடம் கற்பிக்கும் முறையைப் பற்றியது. கொம்பு, கால், சுழி பற்றி அதில் இல்லை. ஒரு வகுப்பில் பத்துப் பேர் பின்தங்கியிருந்தால் அவர்களுக்கு எழுத்தும் மற்றவர்களுக்குப் பாடமும் ஒரே பாடவேளையில் நடக்க வேண்டும். அதாவது, தொடக்கப் பள்ளியின் பல்வகுப்புச் சிக்கல் வேறு உருவத்தில் இங்கே வந்துவிடுகிறது. 2025-26இல் அரசுப் பள்ளிகளில் 6 முதல் 9 வரை தமிழ், ஆங்கிலம், கணக்குக்குத் தொடங்கிய 'திறன்' பயிற்சி இதற்காகத்தான். கீழே இரண்டு ஆசிரியர்களை வைத்து மிச்சப்படுத்திய செலவு, மேலே இப்படித் திரும்பி வருகிறது.

## பாடம் தவிர மற்ற வேலைகள்

மேல்நிலைப் பள்ளியில் இளநிலை உதவியாளர், ஆய்வக உதவியாளர், அலுவலக உதவியாளர் என்று பணியிடங்களாவது உண்டு. காலியாக இருக்கலாம், ஆனால் இடம் இருக்கிறது. சிறிய தொடக்கப் பள்ளியில் எழுத்தர் பணியிடமே இல்லை. பள்ளிக் கல்வித் துறையின் இணையப் பதிவுத் தளமான எமிஸில் வருகைப் பதிவு, விலையில்லாப் பொருட்களின் கணக்கு, பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம், ஆதார், வங்கிக் கணக்கு, குடிநீர்த் தொட்டி வரை எல்லாம் அந்தத் தலைமை ஆசிரியர்தான்.

கல்வி உரிமைச் சட்டத்தின் 27ஆம் பிரிவு ஆசிரியர்களைக் கல்வி சாராத வேலைக்கு அனுப்பக் கூடாது என்கிறது. மூன்று விலக்குகள் உண்டு: பத்தாண்டுக்கு ஒருமுறை வரும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல். வாக்காளர் பட்டியல் வேலை தேர்தல் கணக்கில் சேரும். வாக்குச்சாவடி நிலை அலுவலராக ஊர் ஊராகப் போகிறவர்களில் தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் அதிகம். நாற்பது ஆசிரியர்கள் இருக்கும் பள்ளியிலிருந்து இருவர் போனால் சமாளிக்கலாம். இரண்டு பேரில் ஒருவர் போனால் பள்ளியில் பாதி போய்விடுகிறது.

## டெட் தீர்ப்பு யார் மீது விழுகிறது?

2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு இந்தச் சுமைகளுக்கு மேல் ஒன்றைச் சேர்த்திருக்கிறது. 1 முதல் 8 வரை பாடம் எடுக்கும் ஆசிரியர்களில், ஓய்வுக்கு ஐந்தாண்டுக்கு மேல் இருப்பவர்கள் இரண்டு ஆண்டுகளுக்குள் ஆசிரியர் தகுதித் தேர்வில் (டெட்) தேர்ச்சி பெற வேண்டும். ஐந்தாண்டுக்குள் ஓய்வு பெறுபவர்கள் பணியில் தொடரலாம், பதவி உயர்வு வேண்டுமானால் தேர்ச்சி வேண்டும். சிறுபான்மை நிறுவனங்களுக்கு இது பொருந்துமா என்பது பெரிய அமர்வுக்கு அனுப்பப்பட்டது.

இதில் ஒரு சமமின்மை இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டம் 8ஆம் வகுப்போடு முடிவதால், 11, 12 மட்டும் எடுக்கும் முதுகலை ஆசிரியர் இந்தத் தேர்வின் எல்லைக்கு வெளியே இருக்கிறார். சட்டத்துக்கு முன்பே பணியில் சேர்ந்து இருபது ஆண்டுகள் கடந்த இடைநிலை ஆசிரியர் உள்ளே இருக்கிறார். ஐந்து வகுப்பைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய் 150 கேள்விகளுக்கான தேர்வுக்குப் படிக்க வேண்டும். தகுதியைச் சோதிப்பது தவறில்லை. ஆனால் படிக்கவும் பயிற்சி எடுக்கவும் அவருக்கு நேரம் யார் கொடுப்பது என்பதற்குத் தீர்ப்பில் வழி இல்லை, அரசுதான் கொடுக்க வேண்டும்.

## எதை மாற்றலாம்?

ஆண்டுதோறும் ஆகஸ்ட் 1 நிலவரப்படி மாணவர் எண்ணிக்கையைக் கணக்கெடுத்து ஆசிரியர் பணியிடம் நிர்ணயிக்கிறார்கள். 61 பிள்ளைகள் இருந்தால் மூன்று ஆசிரியர். செங்கல் சூளை வேலைக்கு ஒரு குடும்பம் ஊரைவிட்டுப் போய், 59 ஆகிவிட்டால் மூன்றாமவர் உபரி ஆசிரியர். பணி நிரவலில் வேறு பள்ளிக்கு அனுப்பப்படுவார். இரண்டு பிள்ளைகள் குறைந்தார்கள், ஐந்து வகுப்பில் ஒன்றும் குறையவில்லை.

ஒவ்வொரு வகுப்புக்கும் ஓர் ஆசிரியர் என்பதே சரியான அளவுகோல். ஆனால் 12 பிள்ளைகள் படிக்கும் மலைக்கிராமப் பள்ளிக்கு ஐந்து ஆசிரியர் என்றால் எந்த நிதித்துறையும் ஒப்புக்கொள்ளாது என்பதும் தெரியும். அதனால் படிப்படியாகச் சில ஏற்பாடுகளைக் கேட்கலாம்:

1. குழந்தைகள் 20 பேருக்கு மேல் இருக்கும் எந்தத் தொடக்கப் பள்ளியிலும் குறைந்தது மூன்று ஆசிரியர்கள். 1, 2 வகுப்புகளுக்கு ஒருவர், 3ஆம் வகுப்பிலிருந்து இருவர். முதல் இரண்டு வகுப்புகளை எடுப்பவர் அதை மட்டுமே எடுக்க வேண்டும்.
2. அருகருகே உள்ள ஐந்தாறு தொடக்கப் பள்ளிகளுக்குச் சேர்த்து ஒரு பதிலி ஆசிரியர். ஒருவர் விடுப்பிலோ பயிற்சியிலோ தேர்தல் பணியிலோ இருக்கும் நாளில் அங்கே போவார்.
3. அதே தொகுப்புக்கு ஓர் எழுத்தர். எமிஸ் பதிவும் பொருள் கணக்கும் அவரிடம் போகட்டும்.
4. உயர்நிலையில், ஒரு பாட ஆசிரியரின் பணிச்சுமையைக் கணக்கிடும்போது பாடவேளையோடு அவர் திருத்தும் விடைத்தாள்களையும் சேர்த்து எண்ண வேண்டும். மொழி ஆசிரியருக்கு ஒரு பிரிவு குறையலாம்.
5. ஆறாம் வகுப்பில் வாசிக்கத் தடுமாறும் பிள்ளைகளுக்கு, பட்டயப் பயிற்சி பெற்ற இடைநிலை ஆசிரியர் ஒருவரை உயர்நிலைப் பள்ளியிலேயே அமர்த்தலாம். அந்த வேலைக்குத் தகுதியானவர் அவர்தான்.

இவற்றில் முதல் மூன்றுக்கும் கல்வி உரிமைச் சட்டம் குறுக்கே நிற்காது. அட்டவணையில் உள்ள எண்கள் குறைந்தபட்ச அளவுதான். மாநில அரசு நினைத்தால் அதற்கு மேல் கொடுக்கலாம், ஓர் அரசாணை போதும்.